ஒரே நிரல், வேறு வேறு கணக்கு
(ஸ்ரீவைகுண்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குமரகுருபரர் பிறந்த ஊர் இந்த ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணி கடலைச் சேரும் முன் கடைசியாக ஓர் அணைக்கட்டில் நின்று, வடகாலுக்கும் தென்காலுக்கும் நீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகிற ஊர் இது. அளந்து கொடுப்பதும் அளந்து வாங்குவதும் உங்களுக்குப் புதிதல்ல. அந்தத் துணிவில்தான் அளப்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். எதை அளப்பது? கணினியின் நினைவகத்தை. நாம் அன்றாடம் மெமரி என்றும் ரேம் என்றும் சொல்லுகிறோமே, அதை.

இன்றைய பொருள் இதுதான். ஒரு நிரலை விண்டோஸில் ஓட்டுகிறோம். அதே நிரலை லினக்ஸில் ஓட்டுகிறோம். மேக் கணினியிலும் ஓட்டுகிறோம். மூன்று இடத்திலும் மூன்று வேறு எண்கள் வருகின்றன. ஏன்? எந்த எண் உண்மை? எந்த இயங்குதளம் சிக்கனமானது? இந்த மூன்று கேள்விகளையும் இந்த ஒரு மாலையில் எடுத்துக்கொள்வோம்.

இது எங்கோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். இது நம் வீட்டுக்குள் வந்த கேள்வி. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. பிளஸ் டூ மாணவர் கைக்கும் கல்லூரி மாணவர் கைக்கும் அந்த மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் ரேம் 2 ஜி.பி. அவற்றில் பலவற்றில் ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். அதை நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கியது. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று அதுவே கேட்கும்.

எண்ணிப் பாருங்கள். ஒரே மையச் செயலகம், ஒரே ரேம், ஒரே வன்தட்டு, இரண்டு இயங்குதளங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சோதனைச்சாலை உண்டா? அந்தச் சோதனைச்சாலை தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளில் சும்மா கிடந்தது. இன்றும் நம் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸையும் சொல்லிக்கொடுக்கிறது, உபுண்டு லினக்ஸையும் சொல்லிக்கொடுக்கிறது. இரண்டையும் படிக்கிற பிள்ளைக்கு இரண்டையும் ஒப்பிடத் தோன்றாதா? தோன்றும். தோன்ற வேண்டும்.

தோன்றியதும் என்ன செய்கிறார்கள்? விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறக்கிறார்கள். ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். லினக்ஸுக்குப் போய் டெர்மினலில் டாப் என்று தட்டுகிறார்கள். இன்னோர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். எது சிறிய எண்ணோ அதற்கு வெற்றிமாலை போட்டுவிடுகிறார்கள். நண்பர்களே, அந்த மாலை செல்லாது. ஏன் செல்லாது? இரண்டு எண்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். அவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. இப்படி எண்களுக்குப் பின்னால் நிற்கும் கேள்விகள் நான்கு; அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: நிரல் கேட்டது எவ்வளவு, பெற்றது எவ்வளவு?

நினைவகத்தை இயங்குதளம் பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும். நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் என்பது 4,096 பைட். அப்படியானால் 2 ஜி.பி. ரேமில் எத்தனை பக்கம்? 5,24,288 பக்கங்கள். இந்தப் பக்கங்களை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டி நிரல்களுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான அட்லஸ் கணினியில் 1962-இல் செயலுக்கு வந்தது. மெய்நிகர் நினைவகம் என்று நாம் படிக்கிறோமே, அதன் பிறப்பு அங்கேதான். இன்று உங்கள் பையில் இருக்கும் போன் வரை அந்த ஏற்பாடுதான்.

இப்போது ஒரு சிறிய சி++ நிரலை எழுதுகிறீர்கள். பத்துக் கோடி பைட் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அதில் ஒன்றுமே எழுதாமல் நிற்கிறது அந்த நிரல். லினக்ஸில் டாப் போட்டுப் பாருங்கள். விர்ட் என்ற நெடுவரிசையில் எண் பத்துக் கோடி பைட் அளவுக்குக் கூடியிருக்கும். ரெஸ் என்ற நெடுவரிசை கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும். கேட்டது பத்துக் கோடி. ரேமில் இடம் பிடித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எழுத்தை எழுதிப் பாருங்கள். அப்போதுதான் ரெஸ் ஏறும். தொட்டால்தான் பக்கம் கைக்கு வரும்.

விண்டோஸில் என்ன நடக்கிறது? அங்கும் தொடாத பக்கம் ரேமில் ஏறாது. ஆனால் கமிட் என்ற கணக்கில் அந்தப் பத்துக் கோடியும் உடனே பற்று எழுதப்படும். ரேமும், அதற்குத் துணையாக வன்தட்டில் வைத்திருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்து எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு மேல் விண்டோஸ் வாக்குக் கொடுக்காது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இடம் வைத்துக்கொண்டுதான் கொடுக்கும். லினக்ஸ் வழக்கமாக அப்படியில்லை. எல்லோரும் கேட்டதை எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் தாராளமாக ஒப்புக்கொள்ளும். நம்பிக்கை பொய்த்து ரேம் தீர்ந்துபோனால், ஓ.ஓ.எம். கில்லர் என்ற ஏற்பாடு ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும். ஒன்று கண்டிப்பு, மற்றொன்று தாராளம். இரண்டுக்கும் காரணம் உண்டு, இரண்டுக்கும் விலை உண்டு. ஆகவே விண்டோஸின் கமிட் எண்ணை எடுத்து லினக்ஸின் ரெஸ் எண்ணோடு ஒப்பிடுகிறவர், ஒருவர் கேட்ட கடனையும் இன்னொருவர் செலவழித்த பணத்தையும் ஒப்பிடுகிறார். அந்த ஒப்பீட்டில் தீர்ப்பு வராது.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. பலர் பங்குபோட்டுக்கொள்ளும் நினைவகம் யார் கணக்கில்?

லினக்ஸில் ஓடும் ஏறத்தாழ எல்லா நிரல்களுக்கும் சி நூலகம் வேண்டும். விண்டோஸில் எல்லா நிரல்களுக்கும் டி.எல்.எல். என்ற அதன் அடிப்படை நூலகக் கோப்புகள் வேண்டும். ஐம்பது நிரல்கள் ஓடினால் ஐம்பது பிரதி ஏற்றுவார்களா? மாட்டார்கள். ஒரே பிரதி ரேமில் இருக்கும்; ஐம்பது பேரும் அதையே படிப்பார்கள். அந்த ஒரு பிரதியை யார் பெயரில் எழுதுவது?

லினக்ஸின் ரெஸ் எண் என்ன செய்கிறது? ஒவ்வொருவர் பெயரிலும் முழுதாக எழுதிவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து பிராசஸ்கள் (நிரலின் ஒவ்வொரு தனி ஓட்டமும் ஒரு பிராசஸ்) ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 5 எம்.பி. எல்லோருக்கும் பொதுவாக 20 எம்.பி. ரெஸ் ஒவ்வொன்றுக்கும் 25 என்று காட்டும். பத்தையும் கூட்டுங்கள்: 250 எம்.பி. உண்மையில் ரேமில் இருப்பது எவ்வளவு? ஐம்பதும் இருபதும் எழுபது. எழுபதை 250 என்று சொல்லிவிட்டோம். நம்மிடம் ஒரு பிழையான எண்கூட இல்லை. ஆனாலும் கூட்டல் தொகை பொய்.

ஸ்ரீவைகுண்டத்தாருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. அணைக்கட்டில் அளந்த நீரையும், வடகாலில் அளந்த நீரையும், அந்தக் கால்வாய் நிரப்பிய குளத்தில் அளந்த நீரையும் மூன்றையும் கூட்டி, இவ்வளவு நீர் வந்தது என்று யாராவது எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா? மூன்று அளவும் சரி. கூட்டியதுதான் தவறு. அதே நீரை மூன்று முறை எண்ணிவிட்டார்.

இந்தத் தவறைத் தீர்க்கத்தான் லினக்ஸில் பி.எஸ்.எஸ். என்ற அளவு வந்தது, அதன் கருவான கெர்னலின் 2.6.25 பதிப்பில், 2008-இல். பொதுவான பக்கத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்களோ அத்தனை பங்காக வகுத்து, ஆளுக்கு ஒரு பங்கு எழுதும். நம் கணக்கில் 20 எம்.பி.யைப் பத்தால் வகுத்தால் 2. சொந்தம் 5. ஆக ஆளுக்கு 7. பத்தையும் கூட்டினால் எழுபது. கணக்கு நேராகிவிட்டது!

விண்டோஸ் வேறு வழியை எடுத்தது. எக்ஸ்பி காலத்து டாஸ்க் மேனேஜர் பொதுப் பக்கங்களையும் சேர்த்துக் காட்டியது. விஸ்டா முதல், தனக்கு மட்டுமே சொந்தமான பக்கங்களை, அதாவது பிரைவேட் வொர்க்கிங் செட்டை, முதன்மை எண்ணாகக் காட்டத் தொடங்கியது. பொதுப் பக்கம் யார் பெயரிலும் இல்லை. இப்போது சொல்லுங்கள்: டாஸ்க் மேனேஜரின் எண்ணையும் டாப்பின் ரெஸ் எண்ணையும் ஒப்பிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் பொதுச்சொத்தை அறவே விட்டுவிட்டார்கள். மறுபக்கம் முழுதாகச் சேர்த்துவிட்டார்கள். விண்டோஸ் சிக்கனமாகத் தெரியும். லினக்ஸ் ஊதாரியாகத் தெரியும். இரண்டுமே தோற்றம்.

குரோம் உலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் வந்த நாள் முதல் அது இணையப் பக்கங்களைத் தனித்தனி பிராசஸ்களாக ஓட்டுகிறது. ஒன்று விழுந்தால் மற்றது விழக்கூடாது என்பது நோக்கம். லினக்ஸில் சைகோட் என்ற தாய் பிராசஸ் முதலில் தயாராகி, தன்னிலிருந்து பிள்ளைகளைப் பிரிக்கிறது. பிள்ளைகள் மாற்றி எழுதும் வரை தாயின் பக்கங்களையே பகிர்ந்துகொள்கின்றன. விண்டோஸில் அந்தப் பிரிப்பு முறை இல்லை; ஒவ்வொன்றும் புதிதாகத் தொடங்க வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் எல்லாச் செயலிகளும் ஒரு சைகோட்டின் பிள்ளைகள்தாம். இவ்வளவு பகிர்வு நடக்கும் இடத்தில் ரெஸ்ஸைக் கூட்டிப் பார்த்துவிட்டு, குரோம் என் ரேமை எல்லாம் தின்றுவிட்டது என்று அழலாமா? பி.எஸ்.எஸ். பார்த்துவிட்டு அழுங்கள். அப்போதும் அழ வேண்டியிருந்தால் அந்த அழுகை நியாயமானது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். மடித்து வைத்த பக்கம் யார் கணக்கில்?

2013-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் இயங்குதளத்தின் மேவரிக்ஸ் பதிப்பில் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ரேம் நெருக்கடியானால், கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்பாமல், ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும். லினக்ஸில் இசட்ராம், இசட்ஸ்வாப் என்ற ஏற்பாடுகள் அதே காலத்தில் மையக் கருவில் சேர்ந்தன. 2015-இல் விண்டோஸ் 10-உம் சுருக்கத் தொடங்கியது. மூன்று பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கணக்கு எழுதுவதில்தான் வேறுபடுகிறார்கள்.

மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டர், சுருக்கிய பக்கத்தையும் சுருக்கும் முன் இருந்த அளவிலேயே நிரலின் பெயரில் வைத்திருக்கும். லினக்ஸில் அது ரெஸ்ஸிலிருந்து இறங்கி, வெளியேற்றிய பக்கங்களுக்கான ஸ்வாப் கணக்குக்குப் போய்விடும். விண்டோஸிலும் நிரலின் வொர்க்கிங் செட்டிலிருந்து விலகிவிடும். ஆக நெருக்கடி வந்தால் லினக்ஸிலும் விண்டோஸிலும் எண் இறங்கும், மேக்கில் இறங்காது. எண் இறங்கியதால் நிரல் மெலிந்துவிட்டதா? இல்லை. பக்கம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான்காவது கேள்வி: காலியாக இருக்கும் ரேம் நல்லதா?

லினக்ஸில் ஃப்ரீ என்று தட்டினால், ஃப்ரீ என்ற தலைப்பின் கீழ் மிகச் சிறிய எண் வரும். பார்த்தவர் பதறிப்போவார். பதற வேண்டியதில்லை. ஒருமுறை படித்த கோப்புகளை லினக்ஸ் ரேமில் கேஷாக வைத்துக்கொள்கிறது. வேறு நிரலுக்குத் தேவை என்றால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டிய எண் அவெயிலபிள். அந்த மதிப்பீட்டைக் கருவே 2014 முதல் கணக்கிட்டுக் கொடுக்கிறது. விண்டோஸிலும் ஸ்டாண்ட்பை என்ற பெயரில் இதே ஏற்பாடு உண்டு. ரேம் காசு கொடுத்து வாங்கியது. வேலை செய்யத்தான் வாங்கினோம். போனில் ரேமைத் துடைக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் செயலிகளைப் போட்டு, பின்னால் நிற்கும் எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் என்ன மிச்சம்? அடுத்த நிமிடம் அதே செயலியைத் திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டும். நேரமும் பேட்டரியும்தான் செலவு. நெருக்கடி வந்தால் எதை நிறுத்துவது என்று ஆண்ட்ராய்டே முடிவு செய்கிறது. அந்தப் பொறுப்பை அதனிடமே விடுங்கள்.

அப்படியானால் எல்லா வேறுபாடும் தோற்றம்தானா? உண்மையான வேறுபாடே இல்லையா? உண்டு, நண்பர்களே. கணக்கு எழுதும் முறையைக் கழித்த பிறகும் மிஞ்சும் வேறுபாடுகள் உண்டு. இரண்டைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். சி++ படிக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. லாங் என்ற தரவினம். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட். 64 பிட் விண்டோஸில் அது 4 பைட். ஒரே நிரல், ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. பத்து லட்சம் லாங் எண்களுக்கு அணி போடுங்கள். லினக்ஸில் 80 லட்சம் பைட். விண்டோஸில் 40 லட்சம் பைட். சரிபாதி! லினக்ஸ் வீணடித்ததா? இல்லை. அந்த லாங்கில் லினக்ஸ் மிகப் பெரிய எண்களைத் தாங்கும். விண்டோஸின் லாங் ஏறத்தாழ 214 கோடியைத் தாண்டினால் நிரம்பி வழிந்துவிடும். அளவு வேறு, கொள்ளளவும் வேறு.

இரண்டு. நம் தமிழ் எழுத்து. ஸ்ரீவைகுண்டம் என்ற உங்கள் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். யுனிகோடில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி, வ, ஐகாரக் குறி, க, உகாரக் குறி, ண, புள்ளி, ட, ம, புள்ளி என்று பதின்மூன்று குறியீடுகள். விண்டோஸ் தன் உள்ளே யு.டி.எஃப்-16 முறையில் எழுதும். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 2 பைட். ஊர்ப்பெயர் 26 பைட். லினக்ஸில் வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில் ஒன்றுக்கு 3 பைட். ஊர்ப்பெயர் 39 பைட். சி++ நிரலில் அகல எழுத்து வகையைப் பயன்படுத்தினால் லினக்ஸில் ஒன்றுக்கு 4 பைட், 52 பைட். ஒரே ஊர், ஒரே பெயர். 26, 39, 52. தமிழில் பெரிய அகராதியையோ வாக்காளர் பட்டியலையோ நினைவகத்தில் ஏற்றும் நிரலை எழுதுகிறவர் இதை அறியாமல் இருக்கலாமா? ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பீடுகள் பெரும்பாலும் இதைச் சொல்லாது. ஆங்கில எழுத்துக்கு யு.டி.எஃப்-8-இல் ஒரே பைட்தான். நம் எழுத்தின் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நிரல் உச்சத்தில் எவ்வளவு ரேம் எடுத்தது என்று நிரலுக்குள்ளிருந்தே கேட்க ஒரு பழைய யூனிக்ஸ் வழி உண்டு: கெட்ரஸேஜ். லினக்ஸில் அது கிலோபைட்டில் விடை தரும். மேக்கில் பைட்டில் விடை தரும். அலகை மறந்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், மேக்கில் அதே நிரல் ஆயிரம் மடங்கு தின்பதாக அட்டவணை சொல்லும். அட்டவணை அழகாகத்தான் இருக்கும். அறிவுதான் இருக்காது.

சரி, எப்படித்தான் அளப்பது? முறையாகச் சொல்கிறேன். ஒரே நிரல், ஒரே பதிப்பு, இரண்டிலும் 64 பிட். ஒரே கோப்பைத் திறக்க வேண்டும், ஒரே வேலையைச் செய்ய வேண்டும். திறந்தவுடன் ஒரு முறை, வேலையின் உச்சத்தில் ஒரு முறை, ஓய்ந்த பிறகு ஒரு முறை அளக்க வேண்டும். சொந்தப் பக்கத்தைச் சொந்தப் பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்: விண்டோஸில் பிரைவேட் வொர்க்கிங் செட் என்றால், லினக்ஸில் சொந்தப் பக்கங்களை மட்டும் எண்ணும் யு.எஸ்.எஸ். பல பிராசஸ்களாக ஓடும் நிரல் என்றால் லினக்ஸில் பி.எஸ்.எஸ். தொகையையும் குறிக்க வேண்டும். ஸ்வாப்புக்கும் சுருக்கத்துக்கும் போனதைச் சேர்க்க வேண்டும். நிரல் ஓடும் முன்னும் ஓடும்போதும் கணினி முழுவதற்கும் மீதம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அலகை எழுத வேண்டும். ஒரு முறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் சொல்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் பழைய விலையில்லா மடிக்கணினிகள் பல இந்த வாசலில் நுழைய முடியாது. அதனால் அவை குப்பையா? எடைக்குப் போட வேண்டியவையா?

இல்லை என்கிறேன் நான். எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலகுவான மேசைத்தளத்தோடு ஒரு லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். தட்டச்சு, கணக்குத்தாள், சி++, பைத்தான் ஆகிய நான்கையும் அதில் ஓட்டிப் பாருங்கள். நான் சொன்ன முறையில் அளந்து பாருங்கள். தாங்குகிறதா, பிள்ளைக்குக் கொடுங்கள். தாங்கவில்லையா, ரேம் கூட்ட இடமிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையா, அப்போது விட்டுவிடுங்கள். அளந்த பிறகு எடுத்த முடிவு எதுவாக இருந்தாலும் அது நல்ல முடிவு. அளக்காமல் எடுத்த முடிவில் ஒரு பிள்ளையின் கணினி போகிறது.

எந்த இயங்குதளம் சிக்கனம் என்று என்னைக் கேட்டீர்களானால், என் விடை இது. மேசைத்தளத்தின் ஆடம்பரத்தைக் குறைத்து, வேண்டாததை நீக்கி, 2 ஜி.பி.க்குள் வாழப் பழக்கக்கூடிய சுதந்திரம் லினக்ஸில்தான் அதிகம். ஆனால் ஒரே நிரலை இரண்டிலும் நேர்மையாக அளந்தால், அந்த நிரல் எடுக்கும் நினைவகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதை எழுதியவரின் கை. இயங்குதளத்தின் பெயர் அடுத்த இடத்தில்தான் வரும்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிரல்களை அளந்து பாருங்கள். கிடைத்ததைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எதை அளந்தீர்கள், எப்படி அளந்தீர்கள், எந்த அலகில் அளந்தீர்கள் என்பதை மேலே எழுதுங்கள். எண்ணைக் கீழே எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவன் அதைத் திரும்பச் செய்து பார்த்து, தவறு இருந்தால் திருத்தட்டும். எதை அளந்தோம் என்று சொல்லாமல் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். சொல்லுகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.